பாஷா வாசலில் அடித்த முளை

ஜான் பாஷாவுக்கு இந்த உலகத்தில் தெரிந்தது இரண்டே ஊர். ஒன்று காஞ்சிபுரம். இன்னொன்று குர்துக்காரர்களுடைய மலை. நடுவில் கிடக்கிற கடல், பாலைவனம், பம்பாய் எல்லாம் அவரைப் பொறுத்தவரை வழியில் பார்த்த சத்திரங்கள், அவ்வளவுதான்.

சர்வதீர்த்தக் குளத்துக்குப் பின்னால் கஞ்சித்தொட்டிச் சந்து என்று ஒரு முட்டுச்சந்து. உள்ளே இருந்தவை எல்லாம் தறி வீடுகள். சந்தின் வாயில் நின்ற முதல் வீடு மட்டும் பாஷாவுடையது. தொழில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது. வாசலில் துருத்தி, கரி அடுப்பு, ஈயம் ஒட்டப் போடுகிற நவச்சாரத்தின் நெடி எந்நேரமும். கல்யாண அண்டாவாகட்டும், மடப்பள்ளிக் குண்டாவாகட்டும், அவர் கைக்குப் போய்த் திரும்பினால் உள்ளே முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். அவர் மனைவி உம்முசல்மா வீட்டில் உருது பேசுவாள். சண்டை மட்டும் தமிழில்தான். உருதுவில் மரியாதை ஜாஸ்தி, திட்டினாலும் திட்டின மாதிரியே இல்லை என்பாள். ஒரே மகள் ஜஹனாராவை வாலாஜாவில் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் லாரி ஓட்டப் போனவர் பாஷா. ஈராக்கிலிருந்து பாரசீகம் வழியாக ருஷ்யாக்காரனுக்குச் சாமான் போகிற லாரி வரிசையில் ஒரு லாரி அவருடையது. ஒரு பனிக்காலத்தில் மலைக் கணவாயில் லாரி சறுக்கிப் பள்ளத்தில் உருண்டது. பின்னால் வந்த லாரிகளில் ஒன்றுகூட நிற்கவில்லை. கணவாயில் நிற்கக்கூடாது என்று உத்தரவாம். கால் உடைந்து பனியில் கிடந்தவரைக் கரீம் என்கிற குர்துக்காரன் முதுகில் போட்டுக்கொண்டு தன் ஊருக்குப் போனான். பனி இளகுகிறவரை ரொட்டியும் ஆட்டுப்பாலும் கொடுத்து வைத்திருந்தான். கொள்ளைக்காரர்கள் வந்து டிரைவர் எங்கே என்று கேட்டபோது, செத்துவிட்டான், புதைத்தாயிற்று என்று தன் தாய்மேல் சத்தியம் பண்ணினான். கிளம்புகிற அன்று, தலையில் இருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றி இவர் தலையில் வைத்து, ஒன்றே ஒன்று கேட்டான்.

“பாதையை நாங்கள் காவல் காத்தால், யுத்தம் முடிந்ததும் எங்கள் மலை எங்களுக்கே என்று உங்கள் துரை சொல்லியிருக்கிறார். சொன்னதைச் செய்வாரா?”

எந்தத் துரை என்றே பாஷாவுக்குத் தெரியாது. ஆனால் உயிரைக் காப்பாற்றியவனிடம் வேறு என்னத்தைச் சொல்வது? “செய்வார்” என்று சொல்லிவிட்டு வந்தார். துரை செய்யவில்லை. யுத்தம் முடிந்து மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார். முப்பது வருஷமாகியும் பாஷாவுக்கு அந்த ஒரு வார்த்தை நெஞ்சில் கிடந்து குத்திக்கொண்டே இருந்தது. அதனாலேயே கண்டவர்களிடமெல்லாம் கரீம் கதையைச் சொன்னார். ஊர் அவருக்குக் குர்து பாய் என்று பேர் வைத்துச் சிரித்தது.

இப்போது சந்து விவகாரத்துக்கு வருவோம். ஒரு பட்டு முதலாளி, பேர் எதற்கு அந்த மகானுக்கு, பாஷா வீட்டுக்குப் பின்னால் பெரிய கிடங்கு கட்டினார். கிடங்குக்கு லாரி வர வழி வேண்டும். சந்து மனை முழுவதையும் யாரோ பழைய வாரிசுகளிடம் கிரயம் வாங்கிவிட்டேன், எல்லாரும் காலி பண்ணுங்கள் என்றார். தறிக்காரர்கள் ஆடிப்போனார்கள். தறி என்ன கட்டிலா, தூக்கிக்கொண்டு போக? குழி வெட்டி, தூண் நட்டு, பூமியோடு சேர்த்துப் போட்டது.

முதலாளி விவரமானவர். முதலில் பாஷாவிடம்தான் ஆள் அனுப்பினார். ஊருக்கு வெளியே ஓரிக்கையில் ஒரு மனை, நல்ல தண்ணீர்க் கிணறு, காய்க்கிற முருங்கை மரம், கூரையும் போட்டுத் தருகிறேன், நீ மட்டும் நகர்ந்துகொள் என்றார். வாய்வீடு போய்விட்டால் மற்ற வீடுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிடலாம் என்பது அவர் திட்டம். உம்முசல்மா அன்றைக்கே மூட்டை கட்ட உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் ராஜகோபால் வந்தார். அடுத்த வீட்டுக்காரர். பகலில் தறி, சாயங்காலத்தில் படிப்பகச் செயலாளர், திருவிழா வந்தால் பட்டிமன்றப் பேச்சாளர். அந்தக் குரலைக் கேட்க வேண்டும் நீங்கள்! வெங்காய விலையைச் சொன்னாலும் கண்ணில் தண்ணீர் வரும்.

“பாய், நீங்க போய்ட்டீங்கன்னா நாங்க அவ்ளோதான். நீங்கதான் எங்களுக்குக் கதவு. நீங்க நில்லுங்க பாய், மத்தத நாங்க பாத்துக்கறோம்.”

பின்னால் தறிக்காரன் முருகேசன், அலமு, சந்தே கூடி நின்றது. ராஜகோபாலின் மனைவி அலமு, உம்முசல்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “உன் ஊட்டு மேல ஒரு கல்லு உழணும்னா எங்க தலை மேல உழுந்துட்டுதான் உழணும்கா” என்றாள்.

பாஷாவுக்குக் கரீம் முகம் ஞாபகம் வந்தது. ஒருத்தர் நம்மை நம்பி நில் என்று சொல்லும்போது நகர்ந்து போகிறவன் மனுஷனா என்று அவருக்குத் தோன்றிற்று. ஓரிக்கை வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்றைக்கு உம்முசல்மா பேசிய தமிழை இங்கே எழுத முடியாது.

முதலாளியின் ஆட்கள் கடப்பாரையோடு முதல் தடவை வந்தபோது சந்தில் முருகேசனின் பாவு நீட்டியிருந்தது. நெசவு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தறியில் ஏற்றுகிற நீள நூலுக்குப் பாவு என்று பேர். விடியற்காலையில் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்து, இரண்டு பக்கமும் முளை அடித்துக் கட்டி, இழை பிரித்து, கஞ்சி தெளித்துக் காயவிடுவார்கள். தெருவே அடைத்துக்கொள்ளும். நீட்டின பாவை ஒருவரும் தாண்டக்கூடாது, அடியில் நுழையக்கூடாது, அதன்மேல் தூசு விழக்கூடாது, மண்ணில் அது படவே கூடாது. அந்த ஊரில் கொலைகாரன்கூடப் பாவைத் தாண்டமாட்டான். வந்த கடப்பாரைக்காரர்களும் ஏதோ ஒரு தறி வீட்டில் பிறந்தவர்கள்தான். பாவைப் பார்த்ததும் நின்றார்கள், பீடி பிடித்தார்கள், திரும்பிப் போனார்கள்.

ராஜகோபாலுக்கு மூளை மின்னியது. அன்றிலிருந்து சந்தில் யார் பாவு நீட்டினாலும் கடைசி முளை பாஷா வாசலைத் தாண்டித்தான். பாஷா வீட்டில் கடப்பாரை போட்டால் சுவர் பாவின்மேல் விழும், யாருக்குத் துணிச்சல் வரும்? நெய்யப் பாவு இல்லாத நாளில்கூட, ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்தால் இருக்கிற பழைய பாவை எடுத்து நீட்டினார்கள். கடைசி முளைக்குக் காவல் பாஷா. விடியுமுன் ராஜகோபால் ஜன்னலைத் தட்டுவார்: “பாய், முளை அடிக்கணும், எழுந்திருங்க.” காற்றில் பாவு தொய்ந்தால் தூக்கிப் பிடிக்க, கையை நனைத்துக்கொண்டு இழையைத் தொட, எல்லாம் பழகிக்கொண்டார். பூணூல் போட்டுக்கொண்ட மாதிரி இருக்குது பாய் உங்களைப் பார்த்தா என்று முருகேசன் கிண்டல் பண்ணுவான். பாஷாவுக்கு அதில் பெருமைதான்.

பாவு இல்லாத பொழுதுகளில் விழுந்த அடி எல்லாம் வாய்வீட்டுக்கே விழுந்தது. கூரைமேல் கல் விழுந்தது. துருத்தியைக் கிழித்துப் போட்டார்கள். முதலாளியின் சொந்தக்காரர்கள் வீட்டிலிருந்து பாத்திரம் வருவது நின்றது, பிறகு அவர்களைப் பார்த்து மற்றவர்களிடமிருந்தும் நின்றது. ஒருநாள் அந்திக்கருக்கலில் குளத்துப் படியில் வைத்து நாலு பேர் அடித்ததில் அவருக்கு இடது காது போயிற்று. உள்ளே தறிகள் ஒருநாளும் நிற்கவில்லை. சந்து சேலை நெய்தது, கல்யாணம் பண்ணியது, பொங்கல் வைத்தது. காது போன அன்று ராஜகோபால் வந்து அவர் காலடியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். அழுகை உண்மைதான். அந்த மனிதரிடம் பொய் அழுகை என்று ஒன்று கிடையாது. அதுதான் சங்கடமே.

இப்படி இரண்டு வருஷம் ஓடி, எழுபத்தைந்து மார்ச் மாதம் வந்தது. ஜஹனாரா தலைப்பிரசவத்துக்கு நிறை வயிற்றோடு தாய்வீடு வந்திருந்தாள். படிப்பகத்து ரேடியோவில் ஒரு சாயங்காலம் செய்தி சொன்னார்கள். ஈரானும் ஈராக்கும் ராசியாகிவிட்டன. எல்லை ஆற்றில் ஈரான் கேட்ட பங்கு கிடைத்துவிட்டது. அதற்குப் பதிலாக, ஈராக்கை எதிர்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிற குர்துகளுக்கு இதுவரை கொடுத்துவந்த உதவியை ஈரான் நிறுத்திவிட்டது, மலையில் இருந்த தன் பீரங்கிப் படையையும் திரும்ப அழைத்துக்கொண்டது.

பாஷாவுக்கு நல்ல காது வலது காது. அதை ரேடியோவோடு ஒட்டிவைத்துக் கேட்டார். வீட்டுக்கு வந்து சோற்றைத் தள்ளிவிட்டார்.

“மறுபடியும் உட்டுட்டானுங்க உம்மு. சண்ட போடு, சண்ட போடுன்னு ஏத்தி உட்டுட்டு, நடு மலையில உட்டுட்டானுங்க.”

“அவங்களுக்கு இன்னா, மலையாவது இருக்குது” என்றாள் உம்முசல்மா. “நமக்கு இன்னா இருக்குது?”

“நமக்கு ராஜகோபால் இருக்கான்.”

உம்முசல்மா மகளுக்குத் தைலம் தேய்க்க எழுந்து போய்விட்டாள்.

பங்குனி உத்திரத்துக்குப் படிப்பகம் சார்பில் பட்டிமன்றம் நடப்பது வழக்கம். மாமியாரா மருமகளா, பணமா குணமா என்று பேசிப் பேசி ஊருக்கே அலுத்துவிட்டது. பாஷாவின் வாட்டத்தைப் பார்த்த ராஜகோபாலுக்குத் தலைப்பு கிடைத்தது: குர்துகளைக் கைவிட்டு ஈரான் படையைத் திரும்பப் பெற்றது சரியா, தவறா? யாருக்குய்யா இது புரியும் என்றான் முருகேசன். நான் புரியவைக்கிறேன் பார் என்றார் ராஜகோபால். தவறு என்கிற அணிக்கு அவரே தலைவர். சரி என்கிற அணிக்குப் பள்ளிக்கூட டீச்சர் கிருஷ்ணவேணி.

ஒரு வாரம் தினமும் சாயங்காலம் பாஷா வாசலில் உட்கார்ந்து ராஜகோபால் கதை கேட்டார். பாஷா ஒன்று விடாமல் சொன்னார். கரீமின் முதுகு, ரொட்டியின் வாசனை, துரை கொடுத்த வாக்கு, “செய்வார்” என்று தான் சொன்னது, எல்லாம். கடைசியில் டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தக் கம்பளித் தொப்பியையும் எடுத்துக் கொடுத்தார்.

“மேடையில காட்டு கோபாலு. ஊரு பாக்கட்டும். நான் கொடுத்த வார்த்தைதான் பொய்யாப் போச்சு, அவனுக்காக ஒரு வார்த்தை நம்ம ஊர்லயாவது யாராச்சும் பேசட்டும்.”

ராஜகோபால் தொப்பியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

உத்திரத்தன்று மத்தியானம் முதலாளி, ராஜகோபாலையும் முருகேசனையும் இன்னும் இரண்டு தறிக்காரர்களையும் கிடங்குக்குக் கூப்பிட்டனுப்பினார். பாஷாவைக் கூப்பிடவில்லை. முதலாளி இறங்கி வந்திருந்தார். சந்து உங்களுக்கே, ஒரு வீட்டையும் தொடமாட்டேன், என் பட்டையே நீங்கள் நெய்யலாம், எனக்கு லாரி திரும்ப வாய்வீடு மட்டும் போதும் என்றார். அந்த ஓரிக்கை மனை இன்னும் இருக்கிறதா என்று ராஜகோபால் கேட்டார். நியாயமாகக் கேட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். அதை எப்போதோ வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டேன் என்று முதலாளி சொன்னார். பிறகு முருகேசன், “எத்தினி நாளைக்குத்தான் இப்டியே அல்லாடறது, புள்ளகுட்டிங்க இருக்குதே” என்றான். வெற்றிலைத் தட்டு வந்தது. அந்த ஊரில் முதலாளி நீட்டுகிற தட்டில் வெற்றிலை எடுத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நாலு பேரும் எடுத்தார்கள். நாளைக் காலையே ஆள் அனுப்புகிறேன், பாவு கீவு என்று ஒன்றும் குறுக்கே இருக்கக்கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

அடப்பாவிகளா, போகிற வழியில் அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பட்டிமன்றம் முடியட்டும், பதமாகச் சொல்கிறேன் என்று ராஜகோபால் மற்றவர்களைத் தடுத்துவிட்டார்.

சாயங்காலம் பாஷா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மனைவியோடும் மகளோடும் முன்வரிசைக்கு வந்தார். ராஜகோபால் வணக்கம் சொல்ல வந்தபோது உம்முசல்மா அவர் வாயையே பார்த்தாள்.

“பேச்சு இருக்கற அன்னிக்கு அந்த ஆளு வெத்தல தொடமாட்டாரே, நாக்கு தடிச்சிடும்னு. இன்னிக்கு வாயெல்லாம் செவப்பா இருக்குது பாருங்க” என்று கணவரின் நல்ல காதில் சொன்னாள்.

“உத்திரம்மா. யாராச்சும் குடுத்திருப்பாங்க” என்றார் பாஷா.

கிருஷ்ணவேணி டீச்சர் முதலில் பேசினார். சுற்றி வளைக்கவே இல்லை. “ஈரானுக்கு ஆறு தேவை. கிடைத்துவிட்டது. அவர்களுக்கும் பிள்ளை குட்டிகள் இருக்கிறார்கள். அடுத்த வீட்டுச் சண்டைக்காக எத்தனை நாள் தன் வீட்டைக் கொளுத்திக்கொள்ள முடியும்? உதவி செய்தவன் கடைசிவரை கூடவே சாக வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?” என்றார். கைதட்டல் வானைப் பிளந்தது. அதிலும் உரக்கத் தட்டியவர்கள் கஞ்சித்தொட்டிச் சந்துக்காரர்கள். முருகேசன் எழுந்து நின்று தட்டினான். பாஷாவுக்கு வெறுத்துப்போயிற்று. இன்னாடா இது, நம்ம ஆளுங்களே இந்தக் கட்சிக்குத் தட்டறானுங்க என்று திரும்பி முறைத்தார். முருகேசன் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

பிறகு ராஜகோபால் எழுந்தார். கையில் கம்பளித் தொப்பி.

“நடுவர் அவர்களே! இது ஓர் ஏழைக் குர்துக்காரனின் தொப்பி. நம் ஊர்க்காரர் ஒருவர் பனியில் செத்துக்கொண்டிருந்தபோது அவரைச் சுமந்தவன் தலையின் தொப்பி! அந்தத் தலைக்கு இன்று விலை பேசி முடித்துவிட்டார்கள். ஓர் ஆற்றின் பாதிக்கு! ஐயா, விலகிப் போகிறவனை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒருவனைப் பார்த்து நீ நில், நான் இருக்கிறேன் என்று சொன்னாயே! அவன் வேறு வழி தேடிப் போயிருப்பானே! தப்பித்திருப்பானே! உன் வார்த்தையை நம்பித்தானே உன் எதிரியின் அடியையெல்லாம் தன் முதுகில் வாங்கினான்! அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து உன் எதிரியோடு கை குலுக்கினாயே, உன் கை கூசவில்லையா?”

குரல் உடைந்தது. கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. பெண்கள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள். பாஷா குலுங்கிக் குலுங்கி அழுதார். முப்பது வருஷமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்குகிற அழுகை அது. கரீமுக்காக ஒருவன் பேசிவிட்டான், காஞ்சிபுரத்தில், நாலாயிரம் பேர் கேட்க. ஜஹனாரா அப்பாவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவர்களுக்கு இரண்டு வரிசை பின்னால் அலமு எழுந்து, யாரையும் பார்க்காமல், வீட்டுக்குப் போய்விட்டாள்.

கைவிட்டது தவறே என்று நடுவர் தீர்ப்பு சொன்னார். சிறந்த பேச்சாளர் ராஜகோபாலுக்குப் பொன்னாடை, அதைப் போர்த்தப் பொருத்தமானவர் நம் குர்து பாய்தான் என்று கூப்பிட்டார். பாஷா மேடையேறி, பொன்னாடையை விரித்து ராஜகோபாலின் தோளில் போட்டு, அப்படியே அவரைக் கட்டிக்கொண்டார்.

“கோபாலு, நீ என் தம்பிபா” என்றார் மைக்குக்குக் கேட்கிற மாதிரி.

ராஜகோபாலின் உடம்பு கட்டை மாதிரி நின்றது. சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. சொல்லவில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாரோ என்னவோ, கூட்டத்துக்குக் கும்பிடு போட்டார்.

விடியலில் பாஷாவை எழுப்பியது சுத்தியல் சத்தம். முளை அடிக்கிறார்கள். ஜன்னலைத் தட்டி யாரும் கூப்பிடவில்லையே, இடது காதுப் பக்கம் கூப்பிட்டிருப்பார்களோ என்று அவசரமாக முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தார். பாவு நீட்டியிருந்தார்கள். சந்தின் கோடியிலிருந்து வந்த பாவு ராஜகோபால் வாசலோடு நின்றுவிட்டது. கடைசி முளை ராஜகோபால் வீட்டு எல்லையில் அடித்திருந்தது. பாஷா வீடு பாவுக்கு வெளியே. இரண்டு வீட்டுக்கும் நடுவில் கழி நட்டு, நனைத்த கோணிகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்துத் தூசு பாவின்மேல் பறந்து விழாமல் இருக்க.

பாஷாவுக்கு உடனே புரியவில்லை. “கோபாலு, முளைய தப்பா அடிச்சிட்டீங்கபா. நம்ம வாசலுக்கு வரல பாரு” என்றார்.

இழை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவரும் தலை நிமிரவில்லை. முருகேசன் மட்டும், “இன்னிக்கு நீளம் பத்தல பாய்” என்றான்.

ரோட்டுப் பக்கமிருந்து கடப்பாரைகள் வந்தன. ஆட்களுக்கு இந்தத் தடவை பீடி பிடிக்க நேரமில்லை. நேரே கூரையில் ஏறினார்கள். உம்முசல்மா கத்திக்கொண்டே மகளை வெளியே இழுத்து வந்தாள். தலைமேல் ஓடு சரிந்துகொண்டிருக்கிறது. நிறை வயிற்றுக்காரியை எங்கே கொண்டுபோய் உட்கார வைப்பது? பக்கத்து வீடு ராஜகோபால் வீடுதான். கோணியை விலக்கிக்கொண்டு ஓடினாள். குறுக்கே பாவு.

“தாண்டாதக்கா! பாவு, பாவு!” என்று அந்தப் பக்கத்திலிருந்து அலறியவள் அலமு.

உம்முசல்மா நின்றுவிட்டாள். இரண்டு வருஷம் அந்தச் சந்தில் பாவுக்குக் காவல் இருந்த வீட்டுக்காரியின் கால்கள். தாண்ட வரவில்லை. ஒரு பாழாய்ப்போன நூலுக்கு இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவள். நடுவில் இருந்த தூரம் ஒரு கை நீட்டினால் தொடுகிற தூரம்.

“பொண்ணுக்கு மயக்கமா வருதுடி அலமு. ஒரு வாய் தண்ணியாச்சும் குடுடி.”

அலமு இழையைப் பிடித்த கையை விடவில்லை. “இழைய உட்டா பாவு சிக்கிக்கும்கா” என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். ஜஹனாரா ரோட்டோரத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த ஓர் அண்டாவின்மேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பாஷா தன் வீட்டையும் பாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நடுவில் நின்றார். கூரையின் உத்திரக் கட்டை சாய்ந்து விழுந்தது. அந்த அதிர்ச்சியில், விடியலில் ஈரமண்ணில் அவசரமாக அடித்த புது முளை ஆட்டம் கண்டு பெயர்ந்தது. பாவு சரசரவென்று தொய்ந்தது. சந்தே “ஐயோ” என்றது. பாஷாவுக்கு யோசனையே ஓடவில்லை. பின்னால் விழுகிற வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாய்ந்து, பெயர்ந்த முளையை மார்போடு அணைத்துப் பின்னுக்குச் சாய்ந்து, பாவை இழுத்துப் பிடித்தார். ஓர் இழைகூட மண்ணில் படவில்லை.

அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். தோளில், தலையில், அவர் வீட்டு மண் கொட்டிக்கொண்டிருந்தது. குனிந்து குனிந்து அந்த மண்ணைத் தன் முதுகில் வாங்கினார், பாவில் விழுந்துவிடாமல்.

ராஜகோபால் பாவின் ஓரமாக நடந்து வந்தார். அவர் பக்கத்தில் நின்று முளையைப் பற்றிக்கொண்டார். பாஷா அவர் முகத்தைப் பார்த்தார். இப்போதாவது ஏதாவது சொல்வான் என்று பார்த்தார். நாலாயிரம் பேரை அழவைத்த வாய் அது.

ராஜகோபால் பாஷாவின் விரல்களை ஒவ்வொன்றாக முளையிலிருந்து பிரித்தார்.

“விடுங்க பாய்” என்றார் மெதுவாக. “மத்தத நாங்க பாத்துக்கறோம்.”

பாஷா கையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனார். மகளைத் தூக்கி நிறுத்தி, அண்டாவை நிமிர்த்தித் தலையில் வைத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனபிறகு பின்னால் ராஜகோபாலின் குரல் எழுந்தது. தொப்பி அலமுவிடம் இருக்கிறது, பிறகு கொடுத்தனுப்புகிறேன் என்று கத்தினார். அது பாஷாவின் இடது காதுப் பக்கம். அவருக்குக் கேட்கவில்லை.